மாடு தலையைத் திருப்பும் அந்த நொடி: தீவனத் தொட்டி எப்படி வேலை செய்கிறது?

தரையில் பரப்பிய சோளத்தட்டை ஒரு கறவை மாடு தின்பதை அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தால், தீவனம் எங்கே வீணாகிறது என்பது புரிந்துவிடும். எங்கள் கொட்டகையில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது; அந்த இடத்தில் தடித்த ஈறு மட்டுமே உண்டு. அதனால் அது நாக்கைச் சுழற்றித் தாளை வளைத்துப் பிடித்து, கீழ்ப்பற்களுக்கும் ஈறுக்கும் இடையில் அழுத்தி இழுக்கிறது. வாய்க்குள் போவதைவிட வெளியே தொங்குவதே அதிகம். அந்த நேரத்தில் விலாவில் ஓர் ஈ கடித்தால் போதும், தலையைப் பின்னால் வீசுகிறது. தொங்கிய தாள் காலடியில் சாணத்தின் மேல் விழுகிறது. அதை மாடு ஒருமுறை முகர்ந்து பார்க்கும், பிறகு தொடாது.

ஆகவே தீவனத் தொட்டி என்பது வைக்கோலை வைப்பதற்கான பாத்திரம் மட்டுமன்று. மெல்லும் வரை மாட்டின் தலையைத் தீவனத்துக்கு மேலேயே நிறுத்தி வைக்கும் ஏற்பாடு. தலை தொட்டிக்குள் இருந்தால், உதிர்வது தொட்டிக்குள்ளேயே திரும்ப விழும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய உருளையாகச் சுருட்டிக் கட்டிய உலர்புல்லை நான்கு வகைத் தீவனச் சட்டங்களில் இறைச்சிப் பசுக்களுக்கு வைத்து, கீழே சிந்தியதை எடை போட்டுப் பார்த்த ஆய்வு 2003 ஆம் ஆண்டு வெளியானது. கூம்பு வடிவச் சட்டத்தில் 3.5 விழுக்காடும், வளையத்தில் 6.1 விழுக்காடும், டிரெய்லர் வகையில் 11.4 விழுக்காடும், தொட்டில் வகையில் 14.6 விழுக்காடும் வீணாயின. தொட்டில் வகையில் பசுக்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளியதும், அடிக்கடி தலையை உள்ளே விட்டு வெளியே எடுத்ததும் மற்றவற்றைவிட மிக அதிகம். நம் கட்டுத்தறி மாட்டுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா, காரணம் பொருந்தும். நாளைக்கு 6 கிலோ உலர்தீவனம் வைக்கப்படும் ஒரு மாட்டுக்குக் கணக்குப் போட்டால், 3.5 விழுக்காட்டுக்கும் 14.6 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 240 கிலோ.

உயரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாடு மேயும்போது தலை குனிந்தே இருக்கும். அந்த நிலையில் உமிழ்நீர் நன்றாகச் சுரக்கிறது. பெரிய கறவை மாடு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அதிலுள்ள பைகார்பனேட் உப்புதான் முதல் இரைப்பையில் உண்டாகும் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது. தொட்டியின் அடித்தளம் மாடு நிற்கும் தரையைவிட 10 முதல் 15 செ.மீ. மட்டும் உயர்ந்திருந்தால், இந்த இயல்பான குனிவு கிடைக்கும். மார்பளவு உயரத்தில் தொட்டி கட்டினால், மாடு தீவனத்தை முகத்தால் வாரி எறிவதைப் பார்க்கலாம். ஒரு மாட்டுக்கு 60 முதல் 75 செ.மீ. நீள இடம் வேண்டும். குறைந்தால் வலுத்த மாடு தின்னும், இளைத்த மாடு பார்த்துக்கொண்டு நிற்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தீவனங்களுக்கு ஏற்ப இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கேழ்வரகுத் தாள் மெல்லியது, நெல் வைக்கோலைவிட எளிதில் செரிப்பது. மாடு மிச்சம் வைப்பது குறைவு. கடலைக்கொடி வேறு மாதிரி. அதன் புரதத்தில் பெரும்பங்கு இலையில் இருக்கிறது, காய்ந்த இலையோ தொட்டாலே உதிர்கிறது. கம்பி இடைவெளியுள்ள சட்டத்தில் கடலைக்கொடியை வைப்பது இலையைத் தரைக்கும் தண்டை மாட்டுக்கும் கொடுப்பதற்குச் சமம். அதற்கு அடி மூடிய, வழவழப்பான தொட்டியே ஏற்றது. சோளத்தட்டில் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தடித்த தண்டை ஒதுக்கினால், அது சிந்தல் அன்று, ஒதுக்கல். அதைத் தொட்டியை மாற்றித் தீர்க்க முடியாது. தட்டை 2, 3 செ.மீ. துண்டுகளாக வெட்டிப் போடுவதுதான் வழி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தொட்டிக்குப் பணம் செலவழிப்பவர்கள் நிறையப் பேர்.

தலை நுழையும் கம்பிச் சட்டம் கொம்பில்லாத கலப்பின மாட்டுக்கு நன்றாக உதவும். பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்புடைய ஆலம்பாடி மாட்டுக்கு அது ஆபத்து. கழுத்துக்கு மேலே கிடையாக ஒரே ஒரு குழாய் போதும்.

ஆடு முற்றிலும் வேறு பிராணி. அது இலை தழைகளை எட்டித் தின்பது, அசையும் மேலுதட்டால் பொறுக்கித் தின்பது, காலடி பட்ட தீவனத்தை வெறுப்பது. தரையில் வைத்தால் முன்னங்கால்களை உள்ளே விட்டு நிற்கும். சாணத்தோடு வரும் புழு முட்டைகளும் அப்படித்தான் வாய்க்குப் போகின்றன. மூங்கில் பட்டைகளை நெருக்கமாக அடித்த சாய்வுச் சட்டமும், உதிர்வதைப் பிடிக்க அதன் கீழ் ஒரு தட்டும் இருந்தால் போதும். செம்மறிக்குத் தலைக்கு மேலே சட்டம் வைத்தால் தூசியும் துரும்பும் கண்ணில் விழும். ஆகவே அதற்குத் தாழ்வாக வைக்க வேண்டும்.

பொருளைப் பொறுத்தவரை, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மே எனக்குப் பிடித்தது. அறுத்த விளிம்பைத் தேய்த்து, பழைய குழாயைப் பிளந்து செருகிவிட வேண்டும்; அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை வேண்டும். கம்பியால் கட்டிய தொட்டிகளில் அறுந்த துண்டு விழுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும், ஏனெனில் மாடு விழுங்கிய கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, அதன் சுவரைக் குத்தி, சில வேளைகளில் இதயம் வரை போகும்.

தொட்டியை மாற்றுமுன் ஒரு நாள் மாட்டின் முன்னால் தார்ப்பாயை விரித்து, காலையில் வைத்த தாளையும் மாலையில் பாயில் கிடப்பதையும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய ஒரு வாரம் கழித்து மறுபடியும் நிறுத்துப் பாருங்கள்.