மணிக்கட்டு அசைவில் விருப்பத்தைத் தேடலாமா?

மனிதனுக்குச் சுதந்திரமான விருப்பம் கிடையாது என்று வாதிடுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் சோதனை, 1983-இல் அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்டது. சோதனையில் பங்கேற்பவர் தனக்குத் தோன்றும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். 2.56 விநாடிக்கு ஒரு சுற்று வரும் ஒளிப்புள்ளியைப் பார்த்து, மடக்கும் எண்ணம் எப்போது எழுந்தது என்றும் சொல்ல வேண்டும். எண்ணம், அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன் எழுந்தது. அசைவுக்கு முன் மூளையில் மெல்ல ஏறும் மின்சமிக்ஞையான 'ஆயத்த மின்னழுத்தமோ' சுமார் 550 மில்லிவிநாடி முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. மூளை முடிவெடுத்த பிறகுதான் நமக்கே தெரிகிறது என்றால், ஒருவரைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது?

அந்த மின்னழுத்தம் முடிவைத்தான் காட்டுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். 2012-இல் நரம்பியலாளர் ஆரோன் ஷர்கரும் சகாக்களும் வேறு விளக்கம் தந்தார்கள். மூளையின் மின்செயல்பாடு ஓய்விலும் ஏறி இறங்கியபடியே இருக்கிறது. இப்போது அசைக்கத் தனிக் காரணம் எதுவும் இல்லாதபோது, அந்த ஏற்ற இறக்கம் ஓர் எல்லையைத் தொடும் நேரத்தில் கை அசைகிறது. ஆய்வாளர்கள் அசைவிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுப்பதால், எல்லையைத் தொட்ட ஏற்றங்கள் மட்டுமே கணக்கில் வருகின்றன. தடுப்புச்சுவரைத் தாண்டிய அலைகளை மட்டும் பொறுக்கிப் பார்த்தால், கடல் ஒவ்வொரு முறையும் திட்டமிட்டு எழும்பியதுபோலத்தான் தெரியும்.

2019-இல் நரம்பியலாளர் உரி மாவோஸின் குழு, எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை போக வேண்டும் என்று உண்மையாகவே தேர்வுசெய்யச் சொன்னது. வேறு சில சுற்றுகளில் எதைத் தேர்ந்தாலும் விளைவு மாறாது. விளைவை மாற்றாத அந்தத் தேர்வுகளில் ஆயத்த மின்னழுத்தம் வந்தது. யோசித்துச் செய்த தேர்வுகளில் ஏறக்குறைய காணவே இல்லை. அறப்பொறுப்பு என்று நாம் பேசுவதெல்லாம் இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான். லிபெட் அளந்தது முதல் வகையை.

இதனால், எல்லாமே முன்காரணங்களால் தீர்மானிக்கப்படுகிறது என்னும் நிர்ணயவாதம் பொய்யாகிவிடாது. யோசிப்பதும் நியூரான்கள்தான், அவற்றுக்கும் முன்காரணங்கள் உண்டு. ஆனால் காரணங்களை எடைபோட்டு, தவறென்று பட்டதைக் கைவிடும் திறன் அந்தக் காரண-விளைவுத் தொடருக்குள்ளேயே இயங்குகிறது. பொறுப்பை அங்கேதான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தத் திறன் சிதையவும் கூடும். 2003-இல் மருத்துவ இதழில் வெளியான ஒரு நிகழ்வில், நாற்பது வயதுக்காரர் ஒருவருக்குக் குழந்தைகள் மீது திடீரெனப் பாலியல் இச்சை தோன்றியது. தவறென்று தெரிந்தும் அவரால் அடக்க முடியவில்லை. கண்குழிக்கு மேலுள்ள மூளைப்பகுதியில் கட்டி இருந்தது. அதை நீக்கியதும் இச்சை மறைந்தது; கட்டி மீண்டும் வளர்ந்தபோது திரும்பியது. கட்டி இல்லாமலேயே, வளர்ப்பாலோ போதையாலோ அடக்கும் திறன் குன்றியவரின் பொறுப்பை எவ்வளவு குறைப்பது? அதை அளந்து சொல்லும் கருவி நரம்பியலிடம் இன்னும் இல்லை.