வெளிநாட்டில் செமஸ்டர் முடித்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சலா? முதலில் இதைப் படியுங்கள்

"இங்கேயே பொறந்து வளர்ந்த உடம்பு டாக்டர், நம்ம ஊர் தண்ணி அவனை என்ன செஞ்சிடப்போகுது?"

டிசம்பர் மூன்றாவது வாரத்திலிருந்து பொங்கல் வரை என் கிளினிக்கில் இதைக் கேட்காமல் ஒரு வாரம்கூடப் போவதில்லை. அமெரிக்காவில் எம்.எஸ். முதல் செமஸ்டர் முடித்து லீவுக்கு வந்தவர்கள் இருப்பார்கள். இங்கே இன்ஜினியரிங் படித்துக்கொண்டே ஒரு செமஸ்டருக்கு மட்டும் ஜெர்மனி, பிரான்ஸ் என்று போய்த் திரும்பியவர்களும் இருப்பார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல். என்னிடம் வருவதற்குள் வீட்டு வைத்தியமும் மெடிக்கல் ஷாப் வைத்தியமும் முடிந்திருக்கும். இந்த முறை ஒரு பெண் ஐ.சி.யு. வரை போய்த்தான் மீண்டாள். அந்தக் கோபம் இதில் தெரிந்தால் தெரியட்டும்.

அந்த "நம்ம ஊர் உடம்பு" என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்குகிறேன். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து குணமானால் அந்த வகைக்கு மட்டும்தான் நீடித்த எதிர்ப்பு சக்தி. மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்களில் போய்விடும். அது மட்டுமில்லை, இரண்டாவது முறை வேறு வகை தாக்கினால் நோய் தீவிரமாகும் வாய்ப்பு முதல் முறையைவிட அதிகம். மடிப்பாக்கத்தில் வளர்ந்து எட்டாம் வகுப்பில் டெங்கு வந்து தேறிய பிள்ளைக்கு அது கவசம் இல்லை, கூடுதல் ஆபத்து. "ஒருதடவை வந்துடுச்சே டாக்டர், இனிமே வராது" என்று சொல்கிற பெற்றோர் விஷயத்தை முழுக்கத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

டைபாய்டு வந்து போனவருக்கும் மறுபடி வரும். சென்னையில் இருக்கும் மலேரியாவின் அளவுக்கு இங்கே யாருக்கும் சொல்லிக்கொள்ளும்படி எதிர்ப்பு சக்தி உருவாவதே இல்லை. வயிறு ஒன்றுதான் உண்மையிலேயே ஊருக்குப் பழகும். அதுவும் இங்கத்திக் கிருமிகளைத் தினமும் சந்தித்துக்கொண்டிருக்கும்வரைதான். ஆகஸ்டில் விமானம் ஏறிய பிள்ளை நான்கு மாதம் வேறு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறான். முதல் நாளே பாண்டி பஜாரில் கரும்புச் சாறு, சாயங்காலம் பெசன்ட் நகரில் பானிபூரி என்றால் குடல் என்ன செய்யும்?

பயண மருத்துவத்தில் இதெல்லாம் பழைய செய்தி. சுற்றுலாப் பயணியைவிட, சொந்த ஊருக்கு உறவினரைப் பார்க்க வருகிறவருக்குத்தான் டைபாய்டும் மலேரியாவும் அதிகம் வருகின்றன. சுற்றுலாப் பயணி பயந்து தடுப்பூசி போட்டுக்கொண்டு வருகிறார். நம்மவர் நம்பிக்கையோடு வருகிறார்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மூன்று நாள் நல்ல காய்ச்சல், உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி. அங்கிருந்து கொண்டுவந்த பெரிய டப்பாவிலிருந்து அட்வில் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். அட்வில் என்பது ஐபுப்ரோஃபென். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் தொடக்கூடாது. ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு. மறுநாள் காலை முதல் வயிற்று வலி, நிற்காத வாந்தி. "ஜுரம்தான் விட்டுடுச்சே, ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று மாலை வரை காத்திருந்தார்கள்.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கடுமையான வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாதாரணச் சோர்வு அல்லது பதற்றம், சிறுநீர் குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை, நடு ராத்திரியானாலும் சரி. 108 எதற்கு இருக்கிறது?

பிளேட்லெட் எண்ணிக்கையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிரிக்கெட் ஸ்கோர்போல் மணிக்கொரு தரம் போடுகிறார்கள். நாங்கள் அதோடு ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்), ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் பார்க்கிறோம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில்லை. அதற்காக மருத்துவரோடு சண்டை போடாதீர்கள். நிலவேம்போ பப்பாளி இலைச் சாறோ கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கொடுத்தாயிற்று என்று மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு தலைவலி, வைடால். டைபாய்டுக்காக 1896-இல் வந்த ரத்தப் பரிசோதனை அது. டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊரில், நோய் இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். லேபில் தாங்களே போய் வைடால் எடுத்து, "டைபாய்டு டாக்டர்" என்று தீர்ப்போடு வருகிறார்கள். நம்பத்தக்கது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. அது முதல் வாரத்தில், ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் எடுத்தால்தான் நன்றாகக் கைகொடுக்கும். நீங்களோ மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கி இரண்டு வேளை கொடுத்துவிட்டு வருகிறீர்கள். பிறகு கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் நான் எதை நம்பி மருந்து எழுதுவது?

ஆகவே, காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 650 மி.கி., குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். அமெரிக்க டப்பாவில் அசிட்டமினோஃபென் என்று எழுதியிருப்பதும் இதே மருந்துதான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கல்லீரல் தாங்காது. கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். என்று நிறைய குடிக்கட்டும். இரண்டாம் நாளே வாருங்கள். டெங்குவுக்கு முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனை. மலேரியாவுக்கான ரத்தத் தடவல் சோதனையை மாநகராட்சி சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள்.

பிள்ளை வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவையும் உண்டு. நான்கு மாதம் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்து பாருங்கள். பூந்தொட்டித் தட்டு, பால்கனி வாளி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு எல்லாவற்றையும் வெறுமனே கொட்டாமல் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்து மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் தண்ணீர் பட்டதும் பொரியும். மொட்டைமாடித் தொட்டிக்குச் சரியாக மூடி இருக்கிறதா? நகரத்து மலேரியாக் கொசு அங்கேதான் வளர்கிறது. டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி ஒரே ஊசி; கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பகலில் கடிப்பது ஏடிஸ், ஆகவே முழுக்கைச் சட்டை பகலுக்கும்தான். முதல் பத்து நாள் வெளியில் ஐஸ் போட்ட எதுவும் வேண்டாம், அம்மா சமையல் சாப்பிடட்டும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவர் கேட்காவிட்டாலும், கடைசி ஒரு மாதம் எங்கெங்கே இருந்தீர்கள், எந்தத் தேதியில் இறங்கினீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். மலையேறப் போய் உண்ணி கடித்ததா, செமஸ்டர் முடிந்ததும் ஆப்பிரிக்க நாடு எதற்காவது போனீர்களா? எனக்கு எல்லாம் வேண்டும். அப்பா அம்மா முன்னால் சொல்ல முடியாததென்றால் அவர்களை வெளியே உட்காரச் சொல்கிறேன்.

திரும்பிப் போன பிறகும் இது முடிவதில்லை. சென்னையில் அதிகம் காணும் வைவாக்ஸ் மலேரியா கல்லீரலில் பதுங்கியிருந்து பல மாதம் கழித்தும் வரும். ஏப்ரலில் அங்கே காய்ச்சல் வந்தால் டிசம்பரில் இந்தியாவில் இருந்ததைச் சொல்லுங்கள். இங்கே வைவாக்ஸ் உறுதியாகியிருந்தால், ஜி6பிடி (ஒரு என்சைம் குறைபாடு) சோதனை செய்துவிட்டு, பதுங்கிய கிருமியை அழிக்கத் தரும் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பெற்றோரே, காய்ச்சல் விட்ட மறுநாள் டிக்கெட் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை விமானத்தில் ஏற்றாதீர்கள். கடலுக்கு மேலே பத்து மணி நேரம் பறக்கும்போது வயிற்று வலியும் வாந்தியும் ஆரம்பித்தால் அங்கே டிரிப் போட யாரும் இல்லை. தேதியை மாற்றுங்கள், கட்டணம் போனால் போகட்டும். யுனிவர்சிட்டிக்கும் ஏர்லைனுக்கும் மருத்துவச் சான்றிதழ் வேண்டுமென்றால் வந்து கேளுங்கள், எழுதித் தருகிறேன்.