தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தா மட்டும் போதுமா?

தர்மபுரி மாவட்டத்துல பென்னாகரம் பக்கம் போனீங்கன்னா, நடுத்தர வயசுக்காரங்க நிறைய பேருக்குப் பல்லுல பழுப்புக் கோடு ஓடியிருக்கறதப் பார்க்கலாம், வெளியூர்க்காரங்க பாக்கு போடுறதால வந்த கறைன்னு நினைச்சுக்குவாங்க. எவ்வளவு தேய்ச்சாலும் அது போகாது. ஏன்னா அது மேல படிஞ்ச கறை இல்ல, சின்ன வயசுல நிரந்தரப் பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே எனாமல்ல விழுந்த கோளாறு. மொதல்ல சுண்ணாம்பு வெள்ளையா திட்டு திட்டா இருக்கும், போகப் போக பழுப்பாகிடும். காரணம் குடிக்கிற போர் தண்ணில இருக்கற புளோரைடு.

இத எந்த பேக்டரியும் கொண்டுவந்து கொட்டல, பாறைல இருந்தே வருது. அந்தப் பக்கம் பூமிக்கு அடியில இருக்கறது கிரானைட், நைஸ், சார்னகைட் மாதிரி கெட்டிப் பாறை, அதுக்குள்ள பயோடைட், அபடைட், புளோரைட்னு புளோரின் கலந்த கனிமங்கள் இருக்கு. மழைத்தண்ணி மண்ணுல இறங்கும்போது அங்க இருக்கற கார்பன் டை ஆக்சைட வாங்கிக்கிட்டு லேசா அமிலமாகி, பாறை வெடிப்புக்குள்ள போய் அந்தக் கனிமங்கள கொஞ்சம் கொஞ்சமா கரைக்குது. தண்ணில கால்சியம் நல்லா இருந்தா புளோரைட புடிச்சு அடியில படிய வெச்சிரும். கால்சியம் கொறஞ்சு சோடியமும் பைகார்பனேட்டும் அதிகமாயிட்டா புளோரைடு தண்ணியிலயே தங்கிடுது. அதனால பல எடத்துல புளோரைடு தண்ணி உப்புக் கரிக்காது, சோப்பு போட்டா நல்லா நுரைக்கும், குடிக்கவும் நல்லாத்தான் இருக்கும். இதுதான் ரொம்ப ஆபத்தான விஷயம்.

பாறைல இருந்து வருதுன்னு சொல்லி நாம ஒதுங்கிக்கவும் முடியாது. முன்னாடி திறந்த கிணத்துல குடிச்சது பெரும்பாலும் அந்தந்த வருஷ மழைத்தண்ணி. கிணறு வத்துச்சு, போர் போட்டோம், அதுவும் வத்துச்சு, இன்னும் ஆழமா 800 அடி, 1000 அடின்னு போனோம். அவ்வளவு ஆழத்துல வெடிப்புக்குள்ள நிக்கிற தண்ணி ரொம்ப வருஷமா பாறையோடவே கெடக்கற தண்ணி, டீத்தூள் ஊற ஊற டிகாஷன் கெட்டியாகற மாதிரி பாறையோட இருக்க இருக்க புளோரைடு ஏறும். எல்லா எடத்துலயும் இப்படித்தான்னு இல்ல, ஆனா ஆழமா போட்டா சுத்தமான தண்ணி கிடைக்கும்னு நம்புறது தப்பு.

இந்தியாவுல குடிதண்ணிக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடுதான் கணக்கு, வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும். அதுக்கு ரொம்ப மேல போனத பல வருஷம் குடிச்சா பல்லோட நிக்காது, எலும்புலயும் சேரும், மூட்டச் சுத்தி இருக்கற தசைநார் சுண்ணாம்பு மாதிரி இறுகிடும். கிராமத்துல சோதிக்கறதுக்கு சுலபமா மூணு விஷயம் செய்யச் சொல்வாங்க: முட்டி மடக்காம குனிஞ்சு தரையில இருக்கற காசை எடுக்கணும், தாடைய நெஞ்சுல தொடணும், ரெண்டு கையையும் தலைக்குப் பின்னாடி கோக்கணும். எலும்பு பாதிச்சவங்களால இது முடியாது, வயசாச்சு, வாதம்னு சொல்லி வலி மாத்திரை போட்டுக்கிட்டே இருப்பாங்க. 1937லயே அப்போ மெட்ராஸ் மாகாணத்துல இருந்த நெல்லூர்ல ஷார்ட்டுங்கற டாக்டரும் கூட வேலை பார்த்தவங்களும் இந்த நோய எழுதி வெச்சுட்டாங்க. இத்தனை வருஷம் கழிச்சும் இது இருக்குன்னா மனசு கேக்கல.

தண்ணிய கொதிக்க வெச்சா சரியாயிடும்னு நிறைய பேர் நம்புறாங்க. கிருமி சாகும், ஆனா புளோரைடு போகாது, தண்ணி ஆவியாகி அளவு கூடத்தான் செய்யும். கேண்டில் பில்டர், யுவி எதுவும் இத எடுக்காது. டிடிஎஸ் மீட்டர்ல நம்பர் கம்மியா வந்தாலும் அர்த்தமில்ல, அது மொத்தமா கரைஞ்ச உப்பத்தான் காட்டும், எது எவ்வளவுன்னு காட்டாது. ஆர்ஓ எடுக்கும், புளோரைட ஒட்ட வெச்சு புடிக்கிற ஆக்டிவேட்டட் அலுமினாங்கற குருணை எடுக்கும், படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு தெளிய வைக்கிற நல்கொண்டா முறையும் இருக்கு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல 2013ல இருந்து காவிரித் தண்ணி வருதே, அது இந்த நோய மனசுல வெச்சே போட்ட திட்டம். குழாய்ல காவிரி வந்தாலும் சமையலுக்கு போர் தண்ணிதான்னா புளோரைடு சோத்துலயும் குழம்புலயும் போயிட்டேதான் இருக்கும்.

நேரடியா நாமளே கெடுக்கறதும் இருக்கு. ராணிப்பேட்டைல ஒரு குரோமேட் பேக்டரி விட்டுட்டுப் போன கழிவுக் குவியல்ல இருந்து நிலத்தடி நீர்ல இறங்குற குரோமியம் புற்றுநோய உண்டாக்குற வகை. யாழ்ப்பாணத்துல அடியில இருக்கறது ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக்கல், தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் மலக்குழித் தண்ணியும் வடிகட்டப்படாமலே கிணத்துக்கு வந்து நைட்ரேட்டா நிக்குது. இங்க நம்ம ஊர்லயும் செப்டிக் டேங்க் பக்கத்துலயே போர் போட்டா இதே கதிதான். நைட்ரேட்டுக்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு அதுக்கு மேல போன தண்ணில பால் பவுடர் கலக்கிக் குடுத்தா ரத்தத்தால ஆக்சிஜன சுமக்க முடியாம உடம்பு நீலம் பாரிச்சுப் போகலாம். கைக்குழந்தை இருக்கற வீட்டுல இத தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க, இதுவும் கொதிக்க வெச்சா போகாது.

டெஸ்ட் பண்றது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. புளோரைடு சோதிக்கற கிட்ல தண்ணி எடுத்து மருந்து சொட்டு விட்டா, புளோரைடு கம்மின்னா ரோஸ் கலர்லயே நிக்கும், ஏற ஏற மஞ்சளாயிட்டே போகும். சரியான நம்பர் வேணும்னா தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல கட்டணம் கட்டி பார்க்கலாம். மோட்டார் போட்டு கொஞ்ச நேரம் தண்ணிய ஓடவிட்டு, அதே தண்ணில பிளாஸ்டிக் பாட்டில அலசிட்டு அப்புறம் புடிங்க, புளோரைடுக்கு கண்ணாடி பாட்டில் வேண்டாம். பக்கத்து வீட்டு ரிப்போர்ட்ட வெச்சு நம்ம போர முடிவு பண்ணாதீங்க, வெடிப்பு மாறினா தண்ணியும் மாறும். கோடைல ஒருவாட்டி, மழை முடிஞ்சதும் ஒருவாட்டின்னு ரெண்டு தடவை பார்த்துடுங்க.