யு.பி.எஃப்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

சன்ஸ்கிரீன்ல எஸ்.பி.எஃப் 30, 50னு போட்டிருக்கறது எல்லாருக்கும் தெரியும், இப்போ ஃபுல் ஸ்லீவ் டீ ஷர்ட், தொப்பி, குடைனு எல்லாத்துலயும் யு.பி.எஃப் 50+னு ஒரு டேக் தொங்குது, ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சுக்கறவங்க நிறைய பேர். ஒண்ணு இல்லைங்க.

யு.பி.எஃபை விரிச்சா அல்ட்ராவயலெட் ப்ரொடெக்‌ஷன் ஃபேக்டர். அல்ட்ரானா லத்தீன்ல "அப்பால்", வயலெட் நம்ம ஊதா. 1801ல ஜெர்மனியில ரிட்டர்ங்கறவர் நிறமாலையில (வெயில் பிரிஞ்சு வர்ற வண்ணப் பட்டை) வெளிச்சம் பட்டா கருக்கற வெள்ளி குளோரைடை வச்சுப் பாத்தா, ஊதாவைத் தாண்டி ஒண்ணுமே தெரியாத இடத்துலதான் அது ரொம்ப வேகமா கருத்துச்சு, அப்படி மாட்டுனதுதான் இந்தக் கதிர் (அவர் வச்ச பேரு வேற, இது பின்னாடி வந்தது). தமிழ்ல புற ஊதா, புறம்னா வெளி, கச்சிதமான சொல்.

துணி மேல விழற புற ஊதால எத்தனைல ஒரு பங்கு உள்ள இறங்குதுங்கறதுதான் யு.பி.எஃப். 50னா அம்பதுல ஒண்ணு, அதாவது 2 சதவீதம். எஸ்.பி.எஃப் (சன் ப்ரொடெக்‌ஷன் ஃபேக்டர்) மனுஷத் தோல் சிவக்கறதை வச்சு அளக்கறது, புற ஊதால யு.வி.ஏ, யு.வி.பினு ரெண்டு வகை தோலுக்கு வருது, சிவக்க வைக்கறது முக்கியமா யு.வி.பி, அதனால அதைத்தான் காட்டும். யு.பி.எஃப் துணியை மெஷின்ல வச்சு ரெண்டையும் அளக்கறது. இதுக்கான ஆஸ்திரேலியா-நியூசிலாந்து தரநிலை 1996ல வந்துச்சு.

தமிழ்ல "புற ஊதா பாதுகாப்புக் காரணி"னு எழுதறாங்க. ஃபேக்டர்னா காரணி, கணக்குப் புக்குக்கு அது சரி, ஆனா டேக்ல படிக்கறவங்களுக்கு ஏதோ காரணம் சொல்ற மாதிரி இருக்கும். இங்க அது வெறும் ஒரு நம்பர், அதனால "புற ஊதாக் காப்பு எண்"தான் என் ஓட்டு. எஸ்.பி.எஃபுக்கு "வெயில் காப்பு எண்".

டேக் இல்லாத துணியா, லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் பொத்துக்கிட்டு வந்தா கதிரும் வரும். நெருக்கமான நெசவு, அடர் கலர், பாலியஸ்டர் இதெல்லாம் நல்லா தடுக்கும், மெல்லிசான வெள்ளைக் காட்டன் ரொம்ப சுமார், அதுவும் நனைஞ்சாலோ உடம்போட இழுத்துப் பிடிச்சாலோ இன்னும் குறையும். புதுக் காட்டன் துவைச்சா சுருங்கி இழை நெருங்கிடும், அதனால காப்பு எண் கூடத்தான் செய்யும். துணி மூடாத முகம், கழுத்து, புறங்கைக்கு சன்ஸ்கிரீன் வேணும், கண்ணாடி ஜன்னலோரம் மணிக்கணக்கா உக்கார்றவங்களுக்கும் சேத்துத்தான், சாதாரண கண்ணாடி யு.வி.ஏவை பெருமளவு விட்டுடும்.