தகரப் படகு ஏன் பின்னால் போவதில்லை?

"திருவிழாக் கடையில் வாங்கிய தகரப் படகில் பல்சக்கரமும் இல்லை, விசிறியும் இல்லை. குழாய் தண்ணீரைத் துப்பும்போது படகு முன்னால் போவது புரிகிறது. அதே குழாய் திரும்பத் தண்ணீரை இழுக்கிறதே, அப்போது பின்னால் வர வேண்டாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 1891-இல் பிரிட்டனில் தாமஸ் பியோ காப்புரிமை பெற்ற காலத்திலிருந்தே இந்தப் பொம்மை எழுப்பிவரும் கேள்வி.

நீராவிப் பகுதியைச் சட்டென்று சொல்லிவிடலாம். படகுக்குள் எரியும் சிறு மெழுகுவத்திச் சுடரின் சூட்டில், அதன் மேலுள்ள கொதிகலத்து (நீர் கொதிக்கும் சிறு கலம்) நீர் ஆவியாகிக் குழாயில் நிற்கும் நீரை வெளியே தள்ளுகிறது. ஓடத் தொடங்கிய நீர் வேகத்தில் சற்றுக் கூடுதலாகவே வெளியேறிவிடும். விரிந்த ஆவி குழாயின் குளிர்ந்த சுவரைத் தொட்டு நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்றின் அழுத்தம் நீரைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. அந்த நீர் சூடான கொதிகலத்தைத் தொட்டதும் மறுபடி ஆவி. நொடிக்குப் பல முறை இதுவே நடக்கிறது.

இனி உறிஞ்சலுக்கு வருவோம். எரியும் மெழுகுவத்தியை ஒரு முழத் தொலைவிலிருந்து ஊதி அணைக்கலாம். அதே தொலைவிலிருந்து உறிஞ்சி அணைக்க முடியுமா? முடியாது. ஊதும் காற்று ஒரே தாரையாக நேரே பாய்கிறது. உறிஞ்சும்போதோ வாயைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் காற்று வருகிறது. படகின் குழாயிலும் இதே கதைதான். வெளியேறும் நீர் தாரையாகப் பின்னால் போய், தன் உந்தத்தையும் (நிறையும் வேகமும் சேர்ந்த அளவு) கொண்டுபோய்விடுகிறது. அதன் எதிர்விளைவாகப் படகு முன்னே நகர்கிறது. உள்ளே வரும் நீர் சுற்றுப்புறம் முழுவதிலிருந்தும் வருகிறது. குழாய்க்குள் அது முன்னோக்கி வேகம் பிடிக்கும்போது படகு கொஞ்சம் பின்னே இழுபடத்தான் செய்கிறது. ஆனால் அந்த நீர் படகை விட்டுப் போகவில்லையே! உள்ளே போய் முட்டி நிற்கும்போது, பிடித்த வேகத்தைப் படகிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வரவும் செலவும் ஏறக்குறைய நேர்.

'ஏறக்குறைய' என்ற சொல்லுக்குள் ஒரு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. தோட்டத்தில் சுழலும் நீர்த்தெளிப்பானைத் தண்ணீருக்குள் வைத்து உறிஞ்சினால் எந்தப் பக்கம் சுழலும்? இதுபோன்ற கேள்வியை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1883-லேயே எழுதினார். அமெரிக்க இயற்பியலாளர் ஃபைன்மன் அதைப் பிரபலமாக்கினார். 2024-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உராய்வு மிகக் குறைந்த கருவி செய்து பார்த்தார்கள்: எதிர்த்திசையில் சுழல்கிறது, ஆனால் வழக்கமான சுழற்சியைவிடச் சுமார் 50 மடங்கு மெதுவாக. பொம்மைக் கேள்விக்கெல்லாம் ஆய்வு நிதியா என்று முகம் சுளிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். இன்னொரு பக்கம், 'தண்ணீரிலேயே ஓடும் வண்டி' என்று அவ்வப்போது கிளம்பும் புரளியை நம்புகிறவர்கள் இந்தப் படகின் மெழுகுவத்தியை ஊதி அணைத்துப் பார்க்கட்டும்: படகு நின்றுவிடும், ஓட்டுவது தண்ணீரல்ல, சுடர்.

செய்து பார்க்க, 3 மி.மீ. விட்டமுள்ள செம்புக் குழாய் 40 செ.மீ. போதும். பொடி உப்பை உள்ளே இறுக நிரப்பி, பென்சிலில் நடுப்பகுதியை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இந்தச் சுருள்தான் கொதிகலம். உப்பு இல்லாவிட்டால் குழாய் மடங்கி நசுங்கும். பிறகு நீர் போக வழியில்லை. சுற்றி முடித்ததும் உப்பைக் கரைத்துக் கழுவிவிடலாம். இரு முனைகளும் படகின் பின்புறம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். உடலுக்குத் தகரத் தட்டு நல்லது. தெர்மோகோல் சுடரில் உருகும்.

முதலில் ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு முனையில் நீர் ஏற்றுங்கள். மறுமுனையில் காற்றுக் குமிழி வருவது நின்று நீர் மட்டும் வர வேண்டும். குழாய் முனை இரண்டாக இருப்பதே பெரும்பாலும் இந்த வசதிக்காகத்தான். ஓடுவதற்கு ஒன்று போதும். முனைகளை விரலால் மூடியபடியே படகை நீரில் இறக்கிவிட்டு, சுருளுக்கு அடியில் சுடரை வையுங்கள்.

நகரவில்லையா? பெரும்பாலும் உள்ளே நீர் நிரம்பியிருக்காது. திரும்ப நிரப்புங்கள், ஆனால் சுருள் ஆறிய பிறகு. காய்ந்த சுருளில் நீர் ஏற்றினால் கொதிநீர் கைமேல் தெறிக்கும். படகு வட்டமடித்தால் குழாய் முனைகள் நேராக இல்லை.

இந்தச் சுருள் படகு சத்தமில்லாமல்தான் போகும். கடைப் படகின் டபடப ஓசை கொதிகலத்தின் மேலுள்ள மெல்லிய தகடு அழுத்தம் ஏறி இறங்கும்போது உப்பி உள்வாங்குவதால் வருவது. அந்தத் தகட்டுக்கு 1915-இல் காப்புரிமை கேட்டவர் சார்லஸ் மெக்ஹ்யூ என்ற அமெரிக்கர்.