ஒரு கிலோ உப்பு எத்தனை நாளுக்கு வருகிறது?

ஆஞ்சியோ என்ற இதய இரத்தக் குழாய்ப் பரிசோதனை முடிந்து, அடைப்பு இருந்த இடத்தில் குழாயைத் திறந்து பிடிக்கும் ஸ்டென்ட் வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும் நோயாளி என்னிடம் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார். சில மாதங்களுக்கு முன் 51 வயதான ஒரு ஜவுளிக் கடை மேலாளர் கேட்டதும் அதுதான். "டாக்டர், எனக்குக் குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. பிரஷர் கொஞ்சம்தான், கொலஸ்ட்ராலும் கொஞ்சம்தான்னு சொன்னாங்க. எனக்கு எப்படி மாரடைப்பு வந்துச்சு?" பக்கத்தில் நின்ற அவருடைய மனைவியின் முகத்திலும் அதே கேள்வி இருந்தது.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எந்த ஒன்றும் அளவு கடந்து இல்லாத, ஆனால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கூடியிருந்த மனிதர் அவர். மாரடைப்போடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இத்தகையவர்களே என்பதை 1985-இல் லண்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவ அறிஞர் தெளிவாக விளக்கினார். பேச்சுக்கு, ஆயிரம் பேர் உள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அங்கே மிக அதிக ஆபத்தில் இருக்கும் 50 பேரில் பத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வருகிறது என்றால், அது 5 பேர். மீதி 950 பேருக்கு ஆபத்து நூற்றில் இரண்டுதான் என்று வைத்துக்கொண்டாலும், அவர்களில் 19 பேருக்கு மாரடைப்பு வந்துவிடும். மிக அதிக ஆபத்தில் உள்ளவரைத் தேடிப் பிடித்து மாத்திரை கொடுப்பது என் கடமை. அதை நான் செய்துகொண்டே இருப்பேன். ஆனால் அந்த 19 பேரைக் காப்பாற்ற வேண்டுமானால், ஊர் முழுவதும் எதைச் சமைத்து எப்படிச் சாப்பிடுகிறது என்பதிலேயே மாற்றம் வர வேண்டும்.

அப்படி ஒரு மாற்றம் உண்மையிலேயே நடந்த இடம் ஃபின்லாந்தின் கிழக்கே, ரஷ்ய எல்லையை ஒட்டியுள்ள வட கரேலியா என்ற மாகாணம். காடும் ஏரியும் நிறைந்த அந்த நிலத்தில் உடலை வருத்தி உழைத்த ஆண்கள், நாற்பதிலும் ஐம்பதிலும் மாரடைப்பால் இறந்துகொண்டிருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 670 பேருக்கு மேல் இதய இரத்தக் குழாய் நோயால் மாண்டார்கள். உலகிலேயே மிக மோசமான கணக்குகளில் அது ஒன்று. "உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது" என்று நம் ஊரிலும் சொல்லிக்கொள்கிறோம். வயலில் வேலை செய்கிறவர் இரவு நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போதெல்லாம் எனக்குக் கரேலியாவின் மரம்வெட்டிகள் நினைவுக்கு வருவார்கள்.

காரணம் அவர்கள் தட்டிலேயே இருந்தது. ரொட்டியில் தடித்துப் பூசிய வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், கொழுத்த இறைச்சி, எல்லாவற்றிலும் தாராளமான உப்பு, காய்கறி என்பது கால்நடைக்கான தீவனம் என்ற எண்ணம், போதாக்குறைக்குப் புகையிலை. ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 260-க்கும் மேல். சராசரியே அது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் "நார்மல்" என்று கருதப்பட்டவரே நோயின் வாசலில் நின்றவர்தான்.

1971-இல் மாகாணத்து மக்கள் பிரதிநிதிகள் ஒன்றுகூடி அரசிடம் மனுக் கொடுத்தார்கள். மறு ஆண்டு தொடங்கிய திட்டத்துக்குப் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமை ஏற்றார். மருத்துவமனைகளைப் பெருக்குவதைவிட மக்களின் வாழ்க்கையை மாற்றுவதையே அவர் முதன்மையாகக் கொண்டார். அறிவுரை மட்டும் போதாது என்று அறிந்திருந்ததால், மார்த்தா என்ற இல்லத்தரசிகள் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகக் கூட்டம் கூட்டினார். அங்கே வழக்கமான உணவையே கொழுப்பையும் உப்பையும் குறைத்துச் சமைத்துக் காட்டி, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்த ஊர் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கிறது என்று ஊர்களுக்கிடையே போட்டி வைத்தார்கள். பால் மாடுகளை நம்பி வாழ்ந்த குடியானவர்கள் எதிர்த்தபோது, அவர்களுடைய பிழைப்பை ஒதுக்கித் தள்ளாமல், அந்தக் குளிர் நிலத்தில் நன்றாக விளையும் பெர்ரிப் பழங்களைப் பயிரிட உதவினார்கள். இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான்.

2006-இல் வட கரேலியாவின் அதே வயது ஆண்களில் இதயநோய் மரணங்கள் லட்சத்துக்கு நூற்றை ஒட்டிய எண்ணாகக் குறைந்திருந்தன. பின்னாளில் நல்ல மருந்துகளும் சிகிச்சைகளும் வந்து உதவின என்பது உண்மையே. ஆயினும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சந்தைக்கு வந்ததே 1987-இல்தான். மரணங்கள் சரியத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே.

"எல்லாம் பரம்பரை, நம்ம கையில் என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஜப்பானியரின் கதையைச் சொல்வேன். ஜப்பானில் வாழ்ந்த ஆண்கள், அங்கிருந்து ஹவாய்க்குக் குடியேறியவர்கள், கலிபோர்னியாவுக்குக் குடியேறியவர்கள் ஆகிய மூன்று கூட்டத்தாரையும் 1960-களில் தொடங்கி ஒப்பிட்டார்கள். இரத்தம் ஒன்றுதான், ஆனால் இதயநோய் ஜப்பானில் மிகக் குறைவாகவும், ஹவாயில் கூடுதலாகவும், கலிபோர்னியாவில் அதற்கும் கூடுதலாகவும் இருந்தது.

இனி நம் கதைக்கு வருகிறேன். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்ற மாரடைப்பு ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53; மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. என் ஜவுளிக் கடை நோயாளி இந்தக் கணக்குக்கு விதிவிலக்கானவர் அல்லர். ஆனால் ஃபின்லாந்தின் மருந்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஊற்ற முடியாது. நம் வீடுகளில் பெரும்பாலானோருக்கு வெண்ணெய் முதல் சிக்கல் அன்று. தட்டு நிறையத் தீட்டிய வெள்ளைச் சோறு, அதன்மேல் குழம்பு, பொரியலை ஊறுகாய் போல ஓரத்தில் தொட்டுக்கொள்வது, மாலையில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை சர்க்கரை போட்ட டீ: இதுதான் நான் அன்றாடம் கேட்டு எழுதும் உணவு வரலாறு. இந்தியர்கள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு 2025-இல் தெரிவித்தது. இவ்வகை உணவு டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பை ஏற்றி, நல்ல கொழுப்பைக் குறைத்து, கை கால் மெலிந்திருக்கும்போதே வயிற்றை முன்தள்ளுகிறது. ஆகவே எடை பார்க்கும் இயந்திரத்தைவிடத் தையற்காரரின் அளவுநாடாவையே நான் அதிகம் நம்புகிறேன். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

உப்பைப் பற்றிக் கேட்டால் எல்லா வீட்டிலும் "நாங்க அளவாத்தான் போடுறோம்" என்பார்கள். ஆகையால் நான் அளவைக் கேட்பதில்லை. ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாளுக்கு வருகிறது, வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கிறேன். அந்த மேலாளரின் மனைவி சற்று யோசித்து, நான்கு பேருக்கு 24 நாள் என்றார். கணக்குப் போட்டால் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம். கடை அப்பளமும் ஊறுகாயும் ஹோட்டல் சாம்பாரும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

அந்த அம்மாள் உடனே கணவரைப் பார்த்துக் கலங்கியதால், இது உங்கள் தவறன்று என்று அவருக்கு நான் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தெரு முழுவதும் ஒரே சுவைக்குப் பழகியிருக்கும்போது ஒரு வீட்டுச் சமையலறையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. பேக்கரிப் பண்டங்களில் உள்ள, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பைத் தனி ஒருவரால் கட்டுப்படுத்த முடியாது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் நடப்புக்கு வந்த விதியைப் போன்றவைதான் அதைச் செய்ய முடியும்.

மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். மறுபரிசோதனைக்கு வந்தபோது அந்த அம்மாள் கைப்பையிலிருந்து காலியான உப்புப் பாக்கெட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்த தேதியையும் தீர்ந்த தேதியையும் அதன்மேல் பேனாவால் எழுதியிருந்தார். இடையே 38 நாள். கூட்டுக் குழம்புக்குப் புளியையும் மிளகையும் சற்றுக் கூட்டி உப்பைக் குறைத்ததாகவும், முதல் இரண்டு வாரம் மகன் முகத்தைச் சுளித்ததாகவும், இப்போது அவனுக்கே ஹோட்டல் சாம்பார் கரிப்பதாகவும் சொன்னார். ஆளுக்கு ஆறரை கிராம் என்று அவர் முன்பாகவே கணக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்த பாக்கெட்டை 50 நாளுக்குக் கொண்டுவரலாமா என்று அவரே கேட்டார்.