மாத்திரைக்கும் டீ டம்ளருக்கும் நடுவில்

"டோஸ் ஏத்தி எழுதியிருக்காங்க தம்பி" என்று சீட்டை நீட்டினார் அந்த அக்கா. தொப்பூர்ப் பக்கம் குண்டுமல்லி பறிக்கும் வேலை அவருக்கு. தைராய்டு குறைவுக்கு அவர் போடும் தைராக்சின் மாத்திரை 50-இல் தொடங்கி 75 ஆகி, அன்றைக்கு 100-க்கு வந்திருந்தது. ரிப்போர்ட்டில், தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோனான டி.எஸ்.எச். 14. சாதாரணமாக அது 4 சொச்சத்துக்குள் இருக்க வேண்டும். முகம் உப்பியிருந்தது, குரல் கம்மியிருந்தது. சித்திரை வெயிலில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் குளிருகிறதாம்.

பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு ஒன்று கேட்டேன். "காலையில மாத்திரை எப்பக்கா போடுறீங்க?"

"தோட்டத்துலதான். நாலரைக்கு டீ வரும், அதோட போட்டுக்குவேன்."

தருமபுரியில் மருந்துக்கடை வைத்து 18 வருடம் ஆகிறது. தைராய்டு மாத்திரை கேட்கவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு மாத்திரையிலும் குறை இருக்காது, சுரப்பியும் புதிதாகக் கெட்டிருக்காது. பாட்டிலுக்கும் டீ டம்ளருக்கும் நடுவில்தான் கோளாறு.

பாட்டிலில் 100 என்று போட்டிருப்பது மில்லிகிராம் அல்ல, மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. காய்ச்சல் மாத்திரை 500 மில்லிகிராம் என்றால், இது அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு கொஞ்சமாக இருப்பதில் கால் பங்கு குடலிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். டீ, காபி, பால், சோயா எல்லாமே இதைப் பிடித்து நிறுத்தக்கூடியவை. அதனால்தான் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து மற்றதெல்லாம் என்று சொல்கிறார்கள். டாக்டரும் சொல்லியிருப்பார். நான் கேட்டால் எல்லோரும் "வெறும் வயித்துலதான் போடுறேன்" என்பார்கள். டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் இன்னொன்று உண்டு, கேழ்வரகு. கூழும் களியும் தைராய்டுக்கு ஆகாது என்று யாரோ கிளப்பிவிட, தினமும் நாலு பேராவது கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, கால்சியம் தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரை போட்ட கையோடு கூழ் குடிக்காமல் ஒரு மணி நேரம் விட்டுக் குடித்தால் போதும்.

மருந்தாக எடுக்கும் கால்சியத்துக்கும் இரும்புச் சத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு மாத்திரை, கால்சியம், தைராய்டு மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனேயே டாக்டரிடம் தைராய்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரம் அது. ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்களுக்குக் கர்ப்பத்தில் தேவை கால் பங்குக்கு மேல் கூடும். முதல் சில மாதம் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி அம்மாவின் தைராக்சினை நம்பித்தான் இருக்கிறது.

சரி, டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவு என்பது எப்படி? கடையில் இதைக் கேட்காத ஆளே இல்லை. கட்டட வேலையில் ஆள் மெதுவாகக் கல் எடுத்தால் மேஸ்திரி சத்தம் போடுவார். ஆள் எவ்வளவு மந்தமோ, சத்தம் அவ்வளவு கூடும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் மேஸ்திரி. டி.எஸ்.எச். அவர் போடுகிற சத்தம். மாத்திரை சரியாகச் சேர்ந்தால் சத்தம் அடங்கும், ஆனால் உடனே அடங்காது. தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். பத்து நாளில் திரும்ப டெஸ்ட் எடுப்பது காசுக்குக் கேடு, 6 முதல் 8 வாரம் போக வேண்டும். ஒருநாள் மறந்தால் பதறவும் வேண்டாம். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் பாட்டிலைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவதும் நடக்கிறது. நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்.

முட்டைக்கோஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தளிப் பக்கத்தில் கோஸ் பயிரிடும் ஒரு பெரியவர், தைராய்டுக்கு ஆகாது என்று தன் தோட்டத்துக் கோஸைத் தானே தொடாமல் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். வேக வைத்துப் பொரியலாகச் சாப்பிடுகிற அளவுக்கு ஒன்றும் ஆகாது. அயோடின் உப்பை அள்ளிப் போட்டால் குணமாகும் என்பதும் அப்படித்தான். இன்று நம்மிடம் பெரும்பாலும் பார்ப்பது, உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிற வகை. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் எழுதி வைத்தது. அதற்குக் கூடுதல் உப்பு மருந்தாகாது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சில லேப் முறைகளில் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்துக் காட்டிவிடும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

பூப்பறிக்கிற அக்காவிடம் வருகிறேன். அன்றைக்கு நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. 100 பாட்டிலையும் கொடுத்தேன், டீயோடு போடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். இரண்டையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது என்று அப்போது தோன்றவில்லை. டீயோடு போட்டுப் பாதி வீணானதால்தானே டோஸ் ஏறியது? அதை டாக்டரிடம் சொல்லச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து வந்தபோது நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். பூ தொடுக்கையில் விரல் நடுங்குகிறதாம், தூக்கம் இல்லையாம். டி.எஸ்.எச். 0.1-க்கு இறங்கியிருந்தது. இந்த முறை முதலில் டாக்டரிடம் அனுப்பினேன். டீ கதையைக் கேட்டுவிட்டு அவர் 75-க்கே இறக்கிவிட்டார்.

ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாமே என்றும் டாக்டர் கேட்டிருக்கிறார். அது இவருக்கு ஒத்துவரவில்லை. எட்டு மணிக்குக் களி, எட்டரைக்குத் தூக்கம். மல்லி பறிக்கிறவர்கள் இருட்டில் தலையில் லைட் மாட்டிக்கொண்டுதான் வயலில் இறங்குவார்கள். அந்த லைட் வைக்கிற கூடைக்குள்ளேயே இப்போது மாத்திரை பாட்டிலும் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் இருக்கின்றன. லைட் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது, அதனால் மாத்திரையும் மறப்பதில்லை. மூன்றரைக்கு விழுங்கிவிட்டு நடந்தால், டீக்காரர் வரும்போது சரியாக ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார். இது நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவரே கண்டுபிடித்தது.